மூத்திரத்தை மறித்த மாத்திரை

கந்தசஷ்டியின் நான்காம் நாள் குகதாசன் பஸ்ஸை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினான். யாருக்கும் அடிபடவில்லை. பெயரைக் கேட்ட பொலிஸிடம் செத்துப்போன தாயின் பெயரைச் சொன்னான். குடிவெறி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவனுடைய மனைவி அஜந்தாவிடம் சொன்னார்: "இரத்தத்தில் மது இல்லை. உப்புத்தான் குறைவு. என்ன மாத்திரை போட்டார்?"

அவனோடு பஸ் ஓடுகிற நான் சொன்னேன். இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழும்புகிறேன் என்று எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது; நான்தான் அவனுக்குக் கொடுத்தேன். வாசோபிரசின் என்று மூளையில் சுரக்கும் ஹோர்மோன் ஒன்று உண்டாம். இரத்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பதும் சிறுநீரை மறிப்பதும் அதன் வேலை. மாத்திரை அதன் நகல். அதைப் போட்டுவிட்டுத் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து மூளை வீங்குமாம்.

அஜந்தா என் பக்கம் திரும்பினாள்: "பிலேந்திரண்ணை, விரதத்துக்கு ஆறு நாளும் அவர் வெறும் தண்ணிதான் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? வருசாவருசம் விரதம் முடிக்கிற பாறணைக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிடுறனீங்கள்தானே!"

வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிற எனக்கு விரதம் நினைவில் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் பஸ் கொம்பனி மேலாளன் கடிதத்தோடு என்னைக் கூப்பிட்டான். சமய நோன்பிருந்து வண்டி ஓட்டியது குகதாசனின் பிழை, வேலைநீக்கம். கூட ஓடுகிறவன் என்று சாட்சிக்கு நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

"நோன்பு கிடக்கட்டும். கடைசித் தரிப்பிடக் கழிப்பறை ஏன் ஆனியிலிருந்து பூட்டிக் கிடக்குது?"

"திருத்த ஆள் வரவேண்டும்."

"அஞ்சு மாதமாகவா? நாலு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு ஓடிப் பார். போன கிழமை அவன் சீற்றிலேயே நனைச்சுப்போட்டு அழுதவன். அதுக்குத்தான் மாத்திரை குடுத்தனான்."

மேலாளன் நிமிர்ந்து பார்த்தான். "பிறருக்கு மருந்து கொடுத்தது குற்றம். இதை வெளியில் சொன்னால் உன் வேலையும் போகும்."

முப்பது வருடம் இந்த நகரத்தில் கோப்பை கழுவி, பனி வாரி, பஸ் ஓட்டியிருக்கிறேன். இவ்வளவு கோபம் ஒருநாளும் வந்ததில்லை. கடிதத்தைப் பறித்து, மாத்திரையின் பெயரையும், கொடுத்தவன் என்று என் பெயரையும், கழிப்பறை பூட்டின கதையையும் கீழே எழுதினேன். பேனை தாளைக் கிழித்தது.

படம் பிடித்துத் தொழிற்சங்கத்துக்கு அனுப்பினேன். அஜந்தாவுக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது.