ஹீட்டரின் மூக்கு

என் கொழுந்தனார் பிரதீப் கேரவன் வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு அது. உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, பனிமலையில் தூங்கினாலும் குளிராமல் இருக்க கேஸ் ஹீட்டர் உண்டு. நானும் என் கணவர் ராஜவேலும் தலைநகர்க் குளிரில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, என் ஓரகத்தி இளவரசிக்கு மட்டும் சக்கரம் வைத்த சொகுசு.

அதில் ஏதாவது குறை இருக்காதா என்று கேரவன் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். குறை ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அந்த ஹீட்டரைப் பற்றி, விற்றவனுக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரிந்துவிட்டது. பொறாமை வந்தால் என்னைப் போல் படிக்கிறவள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வைஷ்ணவியோடு மலை மந்திர் கோயிலில் பூஜை போட்டுவிட்டு நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இங்கிருந்தே உத்தராகண்டுக்குப் பயணமாம். இளவரசி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

“பாருங்கக்கா, இந்த பெட் வைஷ்ணவிக்கு. ஹீட்டர் பக்கத்துலயே. ராத்திரி ஸ்வெட்டர்கூட வேணாம்.”

“அச்சா, ரொம்ப நல்லா இருக்கு” என்றேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

வெளியே வந்து சுற்றிப் பார்த்தபோதுதான் அந்த முகத்தைக் கண்டேன். கோரைப்பல்லும் தொங்குகிற நாக்குமாக, புதுவீட்டு வாசலில் மாட்டுகிற திருஷ்டி பொம்மை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர்க்காரர் கடையில் வாங்கியதாம். கேரவனின் பக்கச் சுவரில் சுற்றிலும் டேப் போட்டு அழுத்தி ஒட்டியிருந்தாள்.

“அங்க ஒரு கம்பி வலை வெச்ச ஓட்டை அசிங்கமா தெரிஞ்சுச்சுக்கா. அதையும் மறைச்ச மாதிரி ஆச்சு, கண்ணும் படாது” என்று என் கண்ணையே பார்த்துச் சொன்னாள்.

யார் கண் என்று நான் கேட்கவில்லை. என் பார்வை அந்த ஓட்டை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஹீட்டருக்கு அதுதான் மூக்கு. வெளிக்காற்றை இழுப்பதும் எரிந்த புகையை வெளியே தள்ளுவதும் அந்த வழியாகத்தான். அதை அடைத்தால் புகை உள்ளே திரும்பலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த விஷம் தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே முடித்துவிடும்.

“இளவரசி, அதை எடுத்துடு” என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன்.

பிரதீப் சிரித்தார். “அண்ணி, கம்பெனிக்காரன் ஹீட்டர போட்டுக் காட்டினானே! கேஸ் லீக் ஆனா வாடை வராதா?”

“கேஸுக்குத்தான் வாடை. இந்த விஷப்புகைக்கு வாடை கிடையாது. அவன் போட்டுக் காட்டினப்ப இந்த மூஞ்சி ஒட்டியிருந்துச்சா?”

“தங்கம், நல்ல நாள் அதுவுமா சும்மா இரேன்” என்று என் கணவர் முழங்கையால் இடித்தார்.

இளவரசி பல்லைக் கடித்தாள். “வண்டியப் பார்த்ததுலேர்ந்தே அக்கா முகம் சரியில்ல. இப்ப திருஷ்டியவே எடுக்கச் சொல்றாங்க. இதுக்கு என்ன அர்த்தம்?”

அவள் சொன்னது பாதி உண்மை. அதனால்தான் சுட்டது. அந்தப் பொம்மையில் கை வைத்தால் கரோல் பாக் சொந்தக்காரர்கள் முதல் திண்டுக்கல் வரை என் பெயர் நாறிவிடும். வைக்காவிட்டால்? தலைவலியோடு திரும்பி வந்து வண்டியை விற்றுத் தொலைக்கட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது, வராமல் இல்லை. அதற்குள் வைஷ்ணவி தன் கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்த்துக்கொண்டே ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். “பெரியம்மா, பை!”

இரண்டு கையாலும் பிடித்து அந்த முகத்தைப் பிய்த்தேன். கேரவனின் புதுப் பெயிண்டும் கூடவே உரிந்து வந்தது.

“ஐயோ, என் வண்டி! வயித்தெரிச்சல் பிடிச்சவங்க!” என்று இளவரசி அலறினாள். பால்கனிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் பொம்மையை விடவில்லை. “ஜன்னல கொஞ்சம் திறந்து வெச்சிட்டுத் தூங்குங்க” என்றேன். இளவரசி என் வீட்டு அடுப்படியிலிருந்தே உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தங்கள் மூவருக்கும் சுற்றிப் போட்டாள். வண்டி கிளம்பிப் போனது. என் கணவரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. திரையில் வைஷ்ணவி, கன்னம் சிவக்கச் சிவக்க.

“பெரியம்மா, உங்ககூட பேசக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. அதான் சுப்கே சே, அவங்களுக்குத் தெரியாம பண்றேன். நைட் ஃபுல்லா ஹீட்டர்! மஸ்த் தூக்கம் வந்துச்சு!”

அவள் குரலைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவள் போனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். மலை முழுக்கப் பனி. அதற்கு நடுவே இளவரசி மடக்கு நாற்காலியில் சாய்ந்து மகாராணி மாதிரி டீ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. நன்றாக எரியட்டும் என்று விட்டுவிட்டு, “இன்னும் காட்டுடா கண்ணு” என்றேன்.