குழிவெட்டிக்கு ஒரு ஓட்டு

இங்கிலாந்தில் மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் பாராளுமன்றத்தில் ஆள் உண்டு. டர்ஹமுக்கு மட்டும் அப்போது கிடையாது. வரி மட்டும் உண்டு. கேட்டால், மாவட்டத்தை ஆளுகிற பிஷப் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்திருக்கிறாரே, போதாதா என்பார்கள். எங்களுக்காக அவர் அங்கே வாயைத் திறந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

எங்களுக்காக என்று நான் சொல்லக் கூடாது. நான் தெற்கே டெவன் பக்கத்து ஆள். பதினெட்டு வருஷமாக இங்கே சர்ச்சில் மணி அடித்துக் குழி வெட்டுகிறேன். இன்னமும் எனக்குத் தெற்கத்தியான் என்றுதான் பேர்.

அந்த உரிமைக்காக அதிகம் அலைந்தவர் ரோலண்ட் ஹாப்பர். ஆற்றோரம் ஐம்பது ஏக்கர் வைத்திருந்தார். பனியில் வீடு வீடாகப் போய் மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார். எழுதத் தெரியாதவர்கள் கலப்பை படம் போட்டார்கள். மூன்று முறை லண்டன் போனார். என்னிடம் அவர் காகிதத்தை நீட்டவே இல்லை.

"இது நிலமுள்ளவன் விஷயம்யா. நீ செத்தவனைப் பாத்துக்க" என்றார்.

கடைசியில் சட்டம் வந்தது, இரண்டு இடம். கை வலிக்க மணியடித்தேன். மறுவாரமே சர் ஜெர்வாஸ் லம்பி தேர்தலில் நின்றார். மனுப் போடுகிறவன் ராஜதுரோகி என்று வருஷக்கணக்கில் பேசிய மனுஷன், இப்போது தானே வாங்கிக் கொடுத்ததாகக் குதிரைமேல் உட்கார்ந்து சொன்னார். ஜனமும் தொப்பியைக் கழற்றியது. மற்ற இரண்டு வேட்பாளர்களும் பிஷப்பின் பந்தியில் சாப்பிடுகிறவர்கள்தான்.

தேர்தலன்று கோட்டைத் திடலில் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றார் ரோலண்ட். வருஷம் நாற்பது ஷில்லிங் வருகிற சொந்த நிலம் இருந்தால்தான் ஓட்டு. இடம் இரண்டு என்பதால் ஆளுக்கு இரண்டு பேரைச் சத்தமாகச் சொல்லலாம், குமாஸ்தா எழுதிக்கொள்வான். நிலம் எந்த ஏட்டில் பதிவு என்று குமாஸ்தா கேட்டான். பிஷப் கோர்ட்டு ஏட்டில், தாத்தா காலத்திலிருந்து என்றார் பெருமையாக.

"அப்ப அது பிஷப் நிலம். நீங்க அதுல குடியிருக்கீங்க, அவ்வளவுதான். தள்ளி நில்லுங்க."

கலப்பை படம் போட்டவர்களில் பாதிப் பேருக்கு இதே கதி. இருபது வருஷம் உரிமை கேட்டவர்கள், அது யாருக்குக் கிடைக்கும் என்று ஒரு நாள்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

வேடிக்கை பார்க்கப் போன என்னை லம்பியின் ஆள் இழுத்துப்போய் மேஜை முன் நிறுத்தினான். குழிவெட்டி வேலை ஆயுசுக்கும் எனக்கு, கல்லறைப் புல்லும் எனக்கு. சட்டப்படி அதுவும் சொந்த நிலம் மாதிரிதானாம். குமாஸ்தா தலையாட்டினான். லம்பி பேரைச் சொன்னால் பீர் உண்டு என்று காதில் ஓதினான் அந்த ஆள்.

ரோலண்ட் சுவரோரம் நின்றிருந்தார். அவரைக் கூப்பிட்டு, யார் பேரைச் சொல்ல என்று கேட்டேன். அவர் அதை யோசித்ததே இல்லை.

"லம்பி மட்டும் வேண்டாம்யா."

மிச்ச இரண்டு பேரையும் சொன்னேன். லம்பி நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். எனக்குப் பீர் இல்லை.

திரும்பும்போது ரோலண்டும் கூட வந்தார். பாலத்தில் நின்றார்.

"சத்தமாத்தான சொன்ன?"

"சத்தமாத்தான் சொன்னேன்."

"எழுதினானா?"

"எழுதினான். நான் பாத்தேன்."