வாய்க்கால் கரையில் ஒற்றை வரிசை

ஒற்றை வரிசையில் நிற்பவை எப்போது கட்டுக்கோப்பை இழக்கும் என்பது பற்றி எழிலரசிக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் கடலூர் மாவட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, கண் கெடக் கெட வருஷக்கணக்கில் அவள் படித்ததெல்லாம் அதைத்தான். படித்தது மனிதர்களைப் பற்றி இல்லை, ஸ்பின்களைப் பற்றி என்பது வேறு விஷயம்.

ஸ்பின் என்றால் அணுவுக்குள் இருக்கிற ஒரு குட்டிக் காந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பார்க்கும், இல்லாவிட்டால் கீழே பார்க்கும். பக்கத்தில் இருப்பது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே தானும் பார்க்க வேண்டும் என்பது அதன் சுபாவம். கோடிக்கணக்கான துகள்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் கணக்குகளில் பெரும்பாலானவற்றை யாராலும் முழுசாகத் தீர்க்க முடியாது. குத்துமதிப்பாக ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். ஆனால் ஸ்பின்களை ஒற்றை வரிசையாக அடுக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் துல்லியமான விடை உண்டு. துளி சூடு இருந்தால் போதும், எங்கேயோ ஒன்று திரும்பிக்கொள்ளும். அந்த முறிவே ஒரு துகள் மாதிரி வரிசை நெடுக ஓடும். கட்டுக்கோப்பு மொத்தமும் குலைந்து போகும். அவற்றையே வயல் மாதிரி பரப்பி வைத்தால் கதை வேறு. ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் ஆள் இருப்பதால், திரும்ப முயல்வதை நாலும் சேர்ந்து இழுத்துப் பழையபடி நிறுத்திவிடும்.

இதை வைத்து ஒரு உயிரைக் காப்பாற்றலாம் என்று கார்த்திகை மாதத்தில் ஒரு காலை நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. அந்த உயிர் அவளுடைய தம்பி அன்பரசுவினுடையது.

அன்பரசு மேல்பட்டாம்பாக்கம் காலனிப் பையன். புவனகிரிப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பத்துப் பெண்ணான சுவேதாவைக் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அவள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒளிந்திருந்தான். இவ்வளவு பக்கத்தில் யார் தேடுவார்கள் என்பது அவன் யோசனை. தெரிந்தவர் ஒருவர் தன் மோட்டார் கொட்டகையைத் திறந்துவிட்டு, டிராக்டரையும் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். எழிலரசி முதல் பஸ் பிடித்து இட்லிப் பொட்டலத்தோடு வந்து இறங்கியிருந்தாள். பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் சுவேதாவின் போன் அடித்தது. அவள் அம்மா தைலம்மாள்.

"பாப்பா, ஒங்க சித்தப்பா ஆளுங்களச் சேத்துகிட்டுக் கெளம்பிட்டாரு. கரும்பு வெட்டுற கத்தியெல்லாம் எடுத்தும் போறானுங்க. எங்கனா ஓடிடுங்க."

எங்கே ஓடுவது? கொட்டகைக்குப் பின்னால் வெள்ளாறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. முன்னால் இருந்த இரண்டு வழியும் ஊருக்குத்தான் போயின. ஒன்று தார் ரோடு. அதில் கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளி நூறு நாள் வேலைப் பெண்கள் ஓரத்துப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று மதகடியில் ரோட்டிலிருந்து பிரிந்து, நாணல் மறைவிலேயே வந்து கொட்டகையின் பின்பக்கம் சேரும் வாய்க்கால் கரை. அதில் ஒரு ஆள்தான் நடக்கலாம். எழிலரசி போலீசுக்குப் போன் செய்தாள். ஜீப் கிளம்பிவிட்டது, கொஞ்ச நேரம் தாக்குப் பிடியுங்கள் என்றார்கள்.

கொஞ்ச நேரம்தானே என்று அவள் இரண்டு வழியையும் ஒரு தடவை பார்த்தாள். மனசுக்குள் விடை தயாராக இருந்தது.

"தம்பி, டிராக்டர எடுத்தும் போயி மதகுமேல குறுக்கப் போட்டு ரோட்ட மூடு. கரைய அப்டியே விட்டுடு" என்றாள்.

சுவேதா குறுக்கே வந்தாள். "ரோட்ட மூட வேணாங்க்கா. அங்க புல்லு செதுக்குறதுல பாதிப் பேரு எங்க தெருப் பொம்பளைங்க. நாலு பேரு பாக்குறாங்கன்னா எங்க சித்தப்பா கை நீட்ட மாட்டாரு. சித்திய வீட்டுக்குள்ள போட்டு மிதிப்பாரு, வாசலுக்கு வந்தா சிரிச்சிப் பேசுவாரு. அவரு அப்டித்தான்."

"ரோட்டுல வந்தா மொத்தமா வளைச்சிக்குவானுங்க. ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்தே வெறி ஏத்திக்குவானுங்க. கரைன்னா ஒத்தை ஆளாத்தான் வரணும். முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன், அவ்ளோதான் அவனுக்குத் தெரியும். நடுவுல ஒருத்தன் திரும்புனாப் போதும், அத்தனையும் ஒடைஞ்சிடும்."

"ஒங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

"இதத்தாண்டி நான் இத்தினி வருசமாப் படிக்கிறேன்."

படித்தவள் சொன்னால் எதிர்த்துப் பேச முடியுமா? அன்பரசு டிராக்டரை மதகின்மேல் குறுக்கே நிறுத்தினான். இரண்டு பக்கமும் கருவை முள். யாரும் அதை எடுத்து ஓட்டிவிடக் கூடாது என்று எழிலரசி சாவியைப் பிடுங்கி வாய்க்கால் தண்ணீரில் எறிந்தாள். பிறகு அவர்கள் இருவரையும் கொட்டகைக்குள் தள்ளி, என்ன சத்தம் கேட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, உடைந்த இரும்புக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு கரையின் முனையில் போய் நின்றாள். பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு குறுகுறுப்பும் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தாளில் மட்டுமே பார்த்த ஒன்றை நேரில் பார்க்கப் போகிறோம் என்கிற குறுகுறுப்பு.

அவர்கள் வந்தார்கள். அவள் நினைத்தபடியே ஒருவன் பின்னால் ஒருவனாக. முதலில் வந்தவன் தடித்த ஆள், கையில் உருட்டுக்கட்டை. பொம்பளைதானே என்று அவன் சிரித்துக்கொண்டே கை ஓங்கினான். எழிலரசி குனிந்து அவன் முழங்காலில் குழாயை வீசினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டு வாய்க்காலுக்குள் விழுந்தான். அவன் இருந்த இடத்தில் அடுத்தவன் நின்றான். அருண்குமார்.

இவன் சிதம்பரம் பாலிடெக்னிக்கில் அன்பரசுவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சுவேதாவுக்குத் தூரத்து உறவு. எழிலரசியின் அறையில் எத்தனையோ நாள் சோறு தின்றவன்.

"அருணு, அவனக் கொல்லவா வந்திருக்க?" என்றாள்.

அருண்குமார் கையில் இருந்த கத்தியைத் தாழ்த்தினான். அவன் அவளைப் பார்த்தான், தண்ணீரில் கிடந்து முனகுகிறவனைப் பார்த்தான். பிறகு அப்படியே திரும்பி, தனக்குப் பின்னால் நின்றவனை நேருக்கு நேர் பார்த்து நின்றான்.

"நான் வரல மாமா. நீங்களும் போங்க."

"ஏய், நவுருடா."

"நவுர மாட்டேன். போங்க மாமா."

பின்னால் நின்றவனுக்கு அவனைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. அவனும் தயங்கித் தனக்குப் பின்னால் பார்த்தான். அங்கே இருந்தவன், என்னாச்சு, போலீசா என்று கேட்டான். அதற்கும் பின்னால் ஒருவன் கரையைவிட்டு இறங்கி நாணலுக்குள் புகுந்தான். முறிவு வரிசை நெடுக ஓடுவதை எழிலரசி கண்ணால் பார்த்தாள். நெஞ்சு நிறைந்து போயிற்று. ராப்பகலாகக் கிடந்து போட்ட கணக்கு சரியாக வந்துவிட்டால் வருமே, அதே சந்தோஷம்.

அப்போது போன்கள் அடித்தன. ஒரு போன் இல்லை, கரையில் நின்ற எல்லார் சட்டைப் பையிலும் ஒரே சமயத்தில் அடித்தன. வரிசையின் கடைசியில், மதகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான் சுவேதாவின் சித்தப்பா தேவநாதன். முன்னால் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் வரிசை நின்றுவிட்டது தெரிந்தது. உடனே ஊர் வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோவைப் போட்டு, பேசிப் பதிந்த குரலையும் அனுப்பிவிட்டான். யாரோ எங்கேயோ அடிபட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணின் படம், முகமெல்லாம் ரத்தம். ஒவ்வொரு போனிலிருந்தும் அவன் குரல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பியது.

"நம்ம சுவேதாவ என்னா பண்ணி வச்சிருக்கானுங்கன்னு பாருங்கடா. திரும்பி வர்றவன் எவனா இருந்தாலும் அவன் நம்ம ஊருக்காரன் இல்ல."

எழிலரசியின் கணக்கில் போன் இல்லை. அவள் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் பக்கத்தில் ஒரு வரி வரும்: ஒவ்வொரு ஸ்பின்னும் தன் பக்கத்து ஸ்பின்னோடு மட்டுமே உறவாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதி எழுதி, அது நாமாக வைத்துக்கொண்ட ஒன்று என்பதே மறந்து போயிருந்தது. தூரத்தில் இருப்பதோடும் நேராக உறவாடும் வரிசைகள் உண்டு, அவை முறியாமல் நிற்கக்கூடியவை என்பதும் அவளுக்குத் தெரியாததில்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் மளமளவென்று சொல்லியிருப்பாள்.

அருண்குமாரைத்தான் முதலில் அடித்தார்கள். மாமா என்று அவன் கூப்பிட்டவனே கட்டையால் அவன் வாயில் அடித்தான். பல்லும் ரத்தமுமாக விழுந்தவனை மிதித்து வாய்க்காலில் தள்ளிவிட்டு வந்தார்கள். எழிலரசி குழாயைச் சுழற்றினாள். ஒருவனுக்குத் தாடை பெயர்ந்தது. அடுத்தவன் கட்டை அவள் இடது மணிக்கட்டில் இறங்கியது. கை தனியாகத் தொங்குவதைப் பார்த்தபடியே விழுந்தாள். நாணலுக்குள் ஓடினவன்கூடத் திரும்பி வந்து அவளை மிதித்தான். விலாவில், முதுகில், வயிற்றில். மூச்சு வரவில்லை. வாயில் மண் போயிற்று. அவள் கத்தக் கூடாது என்றுதான் இருந்தாள். கத்தினால் தம்பி வந்துவிடுவான். ஆனால் ஒருவன் உடைந்த கையின்மேல் ஏறி நின்றபோது சத்தம் தானாக வந்துவிட்டது.

கதவு திறந்தது. அன்பரசு மண்வெட்டியோடு ஓடி வந்தான். அக்காவின்மேல் நின்றவனை மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கீழே தள்ளினான். இன்னொருவனையும் தள்ளினான். எழிலரசியின் தோளைப் பிடித்துத் தூக்கி, "எந்திரிக்கா, உள்ள போ" என்றான். அதற்குள் பின்னாலிருந்து தேவநாதன் வந்துவிட்டான். கரும்பு வெட்டும் கத்தி அன்பரசுவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. இரண்டாவது வெட்டு அதே இடத்தில். தம்பியின் ரத்தம் சூடாக அவள் முகத்தில் அடித்தது. அவன் அவள்மேலேயே சரிந்தான்.

சுவேதாவின் அலறல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கிறது. புல் செதுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையில் களைக்கொத்தோடு ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் முத்தம்மாள், தேவநாதனின் பக்கத்து வீட்டுக்காரி.

அவர்களைப் பார்த்ததும் தேவநாதன் செய்த காரியத்தை எழிலரசி சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். அவன் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கால்வரை விட்டான்.

"என்னா தேவநாதா பண்ணி வச்சிருக்க?" என்று முத்தம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றான் தேவநாதன். "சும்மா பேசத்தான் வந்தோம்."

பெண்கள் ஒருவரும் நகரவில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். நீ இன்னாரு மவன்தானே என்று ஒருத்தி பெயர் சொல்லிக் கேட்டாள். கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. கொலைவெறியோடு வந்த கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு வந்த வழியே கலைந்து போயிற்று. சுவேதா சொன்னது அத்தனையும் சரி. ரத்தத்தில் கிடந்தபடி அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் எழிலரசி.

அன்பரசுவுக்கு அப்போதும் மூச்சு இருந்தது. போலீஸ் ஜீப் சொன்னபடி வந்துவிட்டது, ஆம்புலன்சும் வந்தது. இரண்டும் மதகுக்கு அந்தப் பக்கம் டிராக்டருக்குப் பின்னால் நின்றன. டிராக்டரை எடுக்கச் சாவி இல்லை. பெண்கள் அவனைத் தார்ப்பாயில் கிடத்தி ஆளுக்கொரு மூலை பிடித்து ரோடு நெடுகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முள்ளை விலக்கி அந்தப் பக்கம் அவனைக் கைமாற்றுவதற்குள் தார்ப்பாயிலிருந்து ரத்தம் சொட்டுவது நின்றுவிட்டது.

கடலூர் பெரியாஸ்பத்திரியில் பிணவறைக்கு எதிரே சிமெண்ட் பெஞ்சில் எழிலரசியும் சுவேதாவும் உட்கார்ந்திருந்தார்கள். அருண்குமார் தாடையில் கட்டோடு மேல்மாடியில் கிடந்தான், பிழைத்துக்கொள்வான் என்றார்கள். தேவநாதனைப் பிடித்துவிட்டார்கள். எழிலரசியின் கை மாவுக்கட்டில் இருந்தது. சுவேதா திடீரென்று எழுந்து எழிலரசியின் முன்னால் வந்து நின்றாள்.

"ரோட்ட மூடாதீங்கன்னு சொன்னேன்ல."

"சொன்ன."

"அப்பறம் ஏன் மூடுனீங்க?"

"எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்" என்றாள் எழிலரசி.

சுவேதா அறைந்தாள். மறுபடி அறைந்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்திலும் தலையிலும் மாரிலும் அடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. எழிலரசி நல்ல கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அடிக்க இவளுக்கு ஒரு ஆளாவது மிச்சமிருக்கிறதே என்றுதான் தோன்றியது. பெண் போலீஸ் ஒருத்தி ஓடி வந்து சுவேதாவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க மேடம், அடிக்கட்டும்" என்றாள் எழிலரசி.

போலீஸ்காரி விடவில்லை. சுவேதாவின் மூச்சு அடங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஒங்க வீட்டுக்குப் போனா ஒன்ன வுட்டு வைக்க மாட்டாங்க. ஹோம்ல சேக்கச் சொல்லட்டுமா? எங்கம்மா போற நீ?" என்று கேட்டாள்.

சுவேதா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழிலரசியைக் காட்டினாள்.

"இவுங்க கூடத்தான் போவணும். வேற யாரு இருக்கா எனக்கு. தெனமும் இந்த மூஞ்சியிலதான் முழிக்கணும் நான்."