மூன்றாவது பீங்கான்

கூட்டுறவுச் சங்கக்கடையின் பாண் வரிசையில் மக்டலினுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர்தான் நின்றார்கள். எழுபத்து நாலாம் ஆண்டு மாசி மாதம். அரிசி கிடைக்காமல், கோதுமை ரொட்டியான பாணுக்கும் சனம் வரிசையில் நின்ற பஞ்சகாலம். விடியற்காலையிலேயே வந்து நின்றாள். இப்போது வெயில் கழுத்தில் ஏறிவிட்டது. பின்னாலிருந்து ஒருவன் சத்தமாகச் சொன்னான்.

"மனேச்சர், அந்த அக்காவுக்குப் பாண் குடுக்காதேங்கோ. ஆளைப் பாத்தாத் தெரியேல்லையோ, வீட்டிலை மூட்டை அடுக்கிக் கிடக்குது!"

வரிசை முழுவதும் சிரித்தது. அவள் திரும்பவில்லை. பசியோடு நிற்கிறவர்கள் எதற்காவது சிரிக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பாணைக் கொண்டுபோவதற்காகச் சைக்கிளோடு மதிலோரம் நின்ற நிக்கலசும் சிரித்துக்கொண்டிருந்தான். பதினேழு வருடமாக அவளோடு குடும்பம் நடத்துகிறவன். அவள் பார்ப்பதைக் கண்டதும் சைக்கிள் மணியைக் குனிந்து துடைத்தான்.

நிக்கலஸ் துறைமுகக் களஞ்சியத்தில் கிளார்க். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. பிள்ளைகள் இல்லை, அவனுடைய தாய் திரேசம்மா கூட இருந்தாள். விறாந்தையில் மக்டலினின் தையல் மெசின் கிடந்தது. அந்த வருடம் புதிதாகத் தைப்பிக்க யாரும் வரவில்லை. இருக்கிற சட்டைகளைக் கொண்டுவந்து, "ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் பிடிச்சு விடுங்கோ அக்கா" என்றார்கள். ஊர்ப் பெண்களெல்லாம் அவளுடைய அளவு நாடாவுக்குள் மாதாமாதம் சிறுத்துக்கொண்டே போனார்கள். அவள் மட்டும் சிறுக்கவில்லை.

"ஒண்டுமே தின்னாமல் இப்பிடி ஊதுறாளே" என்று திரேசம்மா வேலிக்கு வேலி சொன்னாள். அவள் சாப்பிட்டதை யாரும் கண்டதில்லை என்பது உண்மை. காலையில் வெறும் தேத்தண்ணீர். மத்தியானம் மீனில் நடுத்துண்டு நிக்கலசுக்கு, அடுத்தது மாமிக்கு. அவள் பரிமாறிவிட்டுச் சட்டி கழுவப் போவாள். பின்னேரம் மாமி கோயிலுக்குச் செபமாலை சொல்லப் போனதும், அதுவரை அடக்கிவைத்த பசி விசர்ப் பசியாய்க் கிளம்பும். குசினியில் நின்றபடியே மிஞ்சிய மரவள்ளிக் கிழங்கு, காய்ந்த பாண் விளிம்பு, தேங்காய்ப்பூ என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் வாயில் அடைவாள். ருசி தெரியாது. முடிந்த பிறகு வெட்கம் மட்டும் மிஞ்சும். அந்த வெட்கத்தில் மறுநாள் காலையும் சாப்பிடமாட்டாள்.

பாண் வரிசைக்குப் பிறகு அந்தப் பின்னேரத் தீனியையும் விட்டாள். மூன்று கிழமை தண்ணீரும் கொஞ்சக் கஞ்சியுமாகக் கிடந்தாள். ஒருநாள் மெசினில் இருந்தவாறே சரிந்து விழுந்தாள். ஊசி விரலைத் துளைத்துவிட்டது. தன் பிள்ளையின் சட்டையை வாங்க வந்திருந்த அடுத்த வீட்டு றுக்கியாதான் வாடகைக் கார் பிடித்து அவளை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி சிவகுருநாதன் விரலுக்கு மருந்து கட்டி, அவளைத் தராசில் ஏற்றினார். நூற்றுத் தொண்ணூற்றாறு இறாத்தல்.

"கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?"

"நேற்றுக் கொஞ்சம் கஞ்சி குடிச்சனான் ஐயா."

"அதைக் கேக்கேல்லை. கதிரையிலை இருந்து, பீங்கானிலை போட்டு, ஆறுதலா எப்ப சாப்பிட்டனீங்கள்?"

மக்டலின் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

"பட்டினி கிடந்தா இருவது இறாத்தல் போகும், பேந்து முப்பது திரும்பி வரும். நாளைக்கு, நாளையிண்டைக்கு, சாகுமட்டும் செய்யக்கூடிய மாதிரி ஒண்டைப் பிடியுங்கோ. மூண்டு நேரமும் ஒவ்வொரு பீங்கான். மீனும் கீரையும் கூட, சோறும் கிழங்கும் குறைய. விடிய எழும்பிக் கொஞ்சம் நடவுங்கோ."

"மீனுக்கு நான் எங்கை போறது ஐயா?"

"ஏன், உங்கடை வீட்டிலை மீன் வாங்கிறேல்லையோ?"

அவள் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அதுக்கு என்னட்டை மருந்து இல்லைப் பிள்ளை" என்றார்.

மறுநாள் மத்தியானம் அவள் பாரை மீனை மூன்று சம துண்டாக வெட்டினாள். மேசையில் மூன்று பீங்கான் வைத்தாள். வேலையால் வந்து கை கழுவிய நிக்கலஸ் அதைப் பார்த்தான்.

"ஆர் வந்திருக்கினம்?"

"ஒருத்தரும் வரேல்லை. நான்தான்."

அவள் கதிரையை இழுத்து இருந்தாள். பீங்கானில் ஒரு அகப்பைச் சோறு, கீரை, மீன். திரேசம்மா மகனைப் பார்த்தாள்.

"வேலை செய்து வாற ஆம்பிளையின்ரை துண்டிலை பங்கு கேக்கிற பொம்பிளையை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் மாமி" என்றாள் மக்டலின். அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

நிக்கலஸ் தன் பீங்கானை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே சாப்பிட்டான். அவள் பருமனாக இருந்தது அவர்களுக்கு ஒரு பகிடியாகத்தான் இருந்தது. அவள் இருந்து சாப்பிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. கறியில் உப்புக் கூட என்றான், சட்டையில் மடிப்புச் சரியில்லை என்றான். மீனைப் பற்றி மட்டும் ஒருநாளும் கதைக்கவில்லை.

விடியற்காலையில் றுக்கியாவோடு கடற்கரை வரை நடந்தாள். வழியில் றுக்கியா ஓயாமல் கதைப்பாள். அந்தக் கதையில் முழங்கால் நோ தெரியாது. எல்லா நாளும் ஒரேமாதிரிப் போகவில்லை. ஆவணியில் ஒருநாள், மாமி வேலியடியில் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, குசினியில் நின்று அரைப் பானைக் கிழங்கையும் தின்று தீர்த்தாள். முன்பென்றால் மறுநாள் பட்டினி கிடந்திருப்பாள். இந்தமுறை காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு பீங்கானை எடுத்துவைத்தாள். கார்த்திகை முடிவில் டிஸ்பென்சரித் தராசு நூற்று எழுபத்திரண்டு காட்டியது. அப்போதிக்கரி அந்த நிறையை எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

வீட்டில் யாருக்கும் அது சந்தோசமாக இல்லை. "பஞ்சம் உனக்கு நல்லதுதான் செய்திருக்கு" என்று மட்டும் நிக்கலஸ் ஒருமுறை சொன்னான். பிறகு களஞ்சியத்தில் கூட வேலை செய்யும் தவராசா அவனிடம், "என்ன நிக்கலஸ், மனுசி இப்பிடி வத்திப் போனா? வீட்டிலை சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவன் சைக்கிளைச் சுவரோடு எறிந்தான்.

"என்னை ஊர் சிரிக்க வைக்கிறதுக்குத்தானே இந்தக் கூத்து?"

சங்கக்கடை மதிலடியில் அவன் சிரித்து நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குத் தவராசாவையும் மனைவியையும் நிக்கலஸ் சாப்பிடக் கூப்பிட்டான். ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுவரத் தடை இருந்த காலம். கந்தளாயிலிருந்து லொறி டிரைவர் ஒருவன் ஆசனத்துக்குக் கீழே ஒளித்துக் கொண்டுவந்த ஆறு கொத்துச் சம்பா அரிசியை நிக்கலஸ் எப்படியோ வாங்கியிருந்தான். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் மேசையில் இருந்த பிறகு அவனே அகப்பையை எடுத்தான். மக்டலினின் பீங்கானில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனான். சோறு குவிந்து விளிம்பால் சிந்தியது. அதற்கு மேலே இறைச்சியை வைத்தான்.

"சாப்பிடு" என்றான் சிரித்தபடி. "நான் குடுக்கிறேல்லையெண்டு கதைக்கிற ஆக்கள் பாக்கட்டும்."

தவராசா தலையைக் குனிந்துகொண்டார். மக்டலின் குவியலின் ஒரு கரையிலிருந்து பிசைந்து, மென்று, ஆறுதலாகச் சாப்பிட்டாள். தன் அளவு முடிந்ததும் நிறுத்தினாள். முக்கால் குவியல் அப்படியே இருந்தது.

"எனக்கு இவ்வளவு காணும்" என்றாள்.

"சனம் கிழங்கு இல்லாமல் கிடக்குதுகள், இவள் சம்பாச் சோத்தை எறியப் போறாள்!" என்றாள் திரேசம்மா.

"நான் எறியேல்லை மாமி. நான் போடவும் இல்லை."

நிக்கலசின் சிரிப்பு மறைந்தது. எட்டி அவளுடைய பீங்கானைத் தன் பக்கம் இழுத்தான். விருந்தாளிகளின் முன்னால் அந்தச் சோற்றை அள்ளி அள்ளித் தின்னத் தொடங்கினான். அவன் ஏற்கெனவே வயிறு நிறையச் சாப்பிட்டவன். நெற்றி வியர்த்தது, கன்னங்கள் உப்பின, கண்களில் நீர் கோத்தது. ஒரு பிடி தொண்டையில் இறுகியபோது இடது கையால் தம்ளரைத் தேடி எடுத்தான். அது வெறுமையாக இருந்தது. தண்ணீர்ச் செம்பு குசினியில் இருந்தது.

அவன் விக்கியபடி தம்ளரை மக்டலின் பக்கம் நீட்டினான். அவள் எழும்பாமல் தன் கதிரையில் நிமிர்ந்திருந்தாள். விருந்தாளிகள் இருவரும் அவளையே பார்த்தார்கள். மேசைக்கு மேலே, எல்லோருக்கும் நடுவில், அந்த வெறும் தம்ளர் அப்படியே நின்றது.