ஒரு முப்பத்திரண்டும் இரண்டு எட்டும்

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவாள், லேப்டாப்பில் வீடியோவை ஓட விடுவாள், அது கொஞ்சம் ஓடி நொண்டும். எழுந்து ஜன்னல் வரை போவாள், திரும்பி வந்து மறுபடி ஓட விடுவாள். ஜன்னலில் என்ன கொட்டிக்கிடக்கிறது? எதிர்வீட்டுச் சுவர்தான்.

சாயங்காலம் அவள் மாமியாருக்குப் பணி ஓய்வு விழா. ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றே தேய்ந்த கால்களுக்கு இன்றோடு விடுதலை. ஆஸ்பத்திரி ஹாலில் பெரிய திரை கட்டப்போகிறார்கள். அதில் காட்ட ஒரு படம் செய்து தரும்படி மற்ற நர்ஸுகள் ரகசியமாகக் கேட்டது மருமகளைத்தான். ஆளாளுக்கு செல்போனில் எடுத்த துண்டுகள், பழைய போட்டோக்கள், பின்னணியில் ஒரு இசை. தாளத்துக்குச் சரியாக ஒவ்வொரு முகமும் மாற வேண்டும். படம் நொண்டினால் எந்த இடத்தில் வெட்டுவது என்றே தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு துணி வெட்டுகிற மாதிரிதான்.

இந்தப் படத்தில் அவளுக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது. "மருமக என்ன பண்றா?" என்று யார் கேட்டாலும் மாமியார், "வீட்லதான் இருக்கா" என்பார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அவரைப் பொறுத்தவரை வேலை என்றால் காலையில் கிளம்ப வேண்டும், சாயங்காலம் கால் வலிக்க வேண்டும். ஆனால் அந்த 'வீட்லதான்' ஒவ்வொரு தடவையும் அவளைச் சுருக்கென்று குத்தும். ராத்திரி பகலாகக் கண்ணெரிய எடிட் செய்கிறவளுக்குக் குத்தாதா? இன்றைக்கு ஊரே பார்க்கிற திரையில் அவரும் பார்க்கட்டும் என்றுதான் இத்தனை பாடு.

நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது. இன்று படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தாள், மற்றதையெல்லாம் மூடிப் பார்த்தாள், கிராஃபிக்ஸ் டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டும் பார்த்தாள். ம்ஹூம். எருமை மேல் மழை பெய்தது போலத்தான்.

இதில் புரியாதது ஒன்று. நேற்று அவள் கணவன் ஓர் இன்ப அதிர்ச்சி கொடுத்திருந்தான். அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து, "பதினாறு ஜிபியா இருந்ததை முப்பத்திரண்டு ஆக்கிட்டேன். இனிமே பறக்கும் பாரு!" என்று மார்தட்டினான். பறப்பது இருக்கட்டும், தவழக்கூட மாட்டேன் என்கிறதே?

சந்தேகம் வந்து கம்ப்யூட்டரின் மெமரிப் பக்கத்தைத் திறந்தாள். முப்பத்திரண்டு, சரி. அதற்குக் கீழே இருந்த வரியை இரண்டு தடவை படித்தாள். இரண்டு இடங்களில் ஒன்றில் மட்டுமே மெமரி இருந்தது.

"இங்க வாங்க!" என்று கத்தினாள். அவன் வாயில் பிரஷ்ஷோடு வந்தான்.

"இதுல இருந்த ரெண்டு எட்டு ஜிபி எங்க?"

"அதைக் கழட்டிட்டுத்தான் ஒரே முப்பத்திரண்டா போட்டேன். ரெண்டு எட்டு பெருசா, ஒரு முப்பத்திரண்டு பெருசா?"

"ஐயோ! இதுல கிராஃபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாதுங்க. இதையேதான் கடன் வாங்கி ஓடுது. அதனாலதான் கடைக்காரரோட மல்லுக்கட்டி ஒரே மாதிரி ரெண்டு வாங்கிப் போட்டேன். ரெண்டு பக்கத்துலயிருந்தும் தகவல் ஒரே நேரத்துல வரும். நீங்க தொட்டியைப் பெருசாக்கிட்டு ஒரு குழாயை அடைச்சு வச்சிருக்கீங்க!"

அவன் முகம் தொங்கிப்போனது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் வாயில் இருந்த பிரஷ் பிழைத்ததே பெரிய விஷயம்.

"சரி, அந்த ரெண்டும் எங்க?"

அவன் மெல்ல ஹால் பக்கம் கண்ணைக் காட்டினான். அங்கே சோபாவில் மாமியார் தன் லேப்டாப்பில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். தள்ளுபடியில் சேர்த்து வாங்கிய அதே மாடல். "வீணாப் போக வேணாமேன்னு அம்மாவுக்குப் போட்டுட்டேன்" என்றான்.

போச்சு! கேட்டால் எதற்கு என்று கேட்பார். சொன்னால் ரகசியம் உடையும், கேட்காவிட்டால் படமே இல்லை. கடைக்கு ஓடலாம் என்றால் அது திறக்கவே மதியமாகும். அவள் மறுபடி ஜன்னலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நான் பாத்துக்கறேன்" என்று கணவன் வீரமாகக் கிளம்பினான். அவள் கதவோரம் நின்று கேட்டாள்.

"அம்மா, உன் லேப்டாப்ல வைரஸ் இருக்கு. குடு, கழட்டிப் பாக்கணும்."

"வைரஸா? அறிகுறி என்ன?"

"அது வந்து... ஸ்லோவா இருக்குல்ல?"

"நேத்துலேர்ந்து சும்மா பறக்குதுடா. இந்த மாதிரி நோய் எனக்கும் வந்தா தேவலை."

இனி இவனை நம்பினால் விடிந்த மாதிரிதான் என்று அவளே ஹாலுக்கு வந்தாள். "அத்தை" என்று ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர்தான் முட்டியது.

மாமியார் சீட்டாட்டத்தை மூடினார். "மூணு வாரமா ஆஸ்பத்திரியில நான் உள்ள போனாலே எல்லாரும் பேச்சை நிறுத்தறாங்க. என் பழைய போட்டோ ஆல்பம் அலமாரியில தலைகீழா இருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்களே, எனக்குக் கண்ணு இல்லையா?" என்றவர் லேப்டாப்பை நீட்டினார். "என்ன வேணுமோ எடுத்துக்கோம்மா. அழறதெல்லாம் அப்புறம்."

சாப்பாட்டு மேஜையில் இரண்டு லேப்டாப்புகளையும் கவிழ்த்து வைத்தார்கள். அவள் அவசரத்தில் திருகைத் தவறவிட்டாள், அது உருண்டு ஓடியது. மாமியார் எழுந்து ஒரு சில்வர் கிண்ணம் கொண்டுவந்தார். ஸ்லீவை மடித்துக்கொண்டு எதிரில் நின்றார். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கை நீட்டினால் ஸ்க்ரூடிரைவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. கழற்றிய திருகு கிண்ணத்துக்குப் போனது. டார்ச் வெளிச்சம் அவள் விரல் போகிற இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றது. பெரிய டாக்டர்களுக்கு நின்ற மாதிரியே நின்றார். கணவன் எட்டிப்பார்த்தபோது, "நீ வெளிய இரு" என்று மட்டும் சொன்னார்.

எட்டுகள் இரண்டும் பழைய இடத்துக்கு வந்தன. அந்த முப்பத்திரண்டு சீட்டு விளையாடப் போனது. அவள் லேப்டாப்பை அறைக்கு எடுத்துப்போய் ஓட விட்டாள். முகங்கள் தாளத்துக்குத் தாளம் வழுக்கிக்கொண்டு மாறின. எங்கும் நொண்டவில்லை. அப்பாடா என்று சொல்லக்கூட நேரமில்லை, வெட்ட வேண்டியது பாதிக்கு மேல் கிடந்தது.

மாமியார் ஒரு நாற்காலியை இழுத்து வந்து அறை வாசலில் போட்டார். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "நான் பாக்க மாட்டேன். சாயங்காலம் எல்லாரோடயும் பாத்துக்கறேன். நீ முடி."

மதியத்துக்கு மேல் அவர் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்துதான். எப்போது கிளம்புகிறீர்கள், கார் அனுப்பட்டுமா என்று மறுமுனைக் குரல் அவசரப்பட்டது.

"இப்ப வர முடியாது" என்றார் மாமியார், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் யாரையோ தடுக்கிற குரலில். "என் மருமக வேலையில இருக்கா. முடிஞ்சதும் சேந்து வரோம்."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த முகத்தை வெட்டப் போனாள்.