கலங்கல் போகுது

டிவியில் சிவப்புப் பட்டை ஓடினால் லாசரஸ் சத்தத்தைக் குறைத்துவிடுவார். "கத்துறவன் பேச்சுல பாதி பொய், மீதி விளம்பரம்" என்பார். தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்தே எவன் பேச்சையும் தட்டிப் பார்க்காமல் அவர் வாங்கியதில்லை.

அன்றைக்குத் தட்டிப் பார்க்க நேரமில்லை. விடாத மழை. மாடம்பாக்கம் ஏரிக்குக் கீழேதான் வீடு. கட்டிலில் மனைவி கிருபா. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவள். அசைக்கவே கூடாதென்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

எதிர்வீட்டுச் சாம்பசிவன் போனும் கையுமாக ஓடிவந்தார். "அண்ணா, ஏரி கலங்கல் போச்சாம்! ஜோசலின் போட்டுட்டாங்க. தெருவே கிளம்புது."

நிரம்பிய ஏரியில் மிச்சத் தண்ணீர் வழிகிற கல்கட்டுதான் கலங்கல். அதுவே உடைந்து போச்சென்றால் ஏரி வீட்டுக்குள்தான். ஜோசலின், இந்தப் பக்கத்துச் சேதியை மட்டும் எல்லார் போனுக்கும் போடுகிற பெண்.

"எவ அவ? அவ சொன்னா வேதவாக்கா?"

"பொய்யா இருந்தா சந்தோஷம். நெஜமா இருந்தா?"

லாசரஸ் கட்டிலைப் பார்த்தார். தூக்கினால் இடுப்பு போகும். தூக்காவிட்டால் ஆளே போவாள். பெட்ஷீட்டைத் தலைமாட்டில் அவர் பிடித்தார், கால்மாட்டில் சாம்பசிவன். துணி இறுகியதுமே கிருபா "ஆண்டவரே!" என்று அலறினாள்.

"யோவ், மெதுவா! இன்னா மூட்டையா தூக்குற?"

"மூட்டை தூக்குனது நீங்கண்ணா, நான் இல்ல!"

அப்போது வாசலில் ஒரு குரல். "யாரும் போக வேணாம்! ஏரிக்கு ஒண்ணும் ஆகலை!"

லாசரஸ் பெட்ஷீட்டைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். ஒரு பெண்; முழங்கால்வரை சேறு, உடம்போடு ஒட்டிய சுடிதார். "ஐயா, நான்தான் ஜோசலின். கரையிலேருந்து ஒருத்தர் 'கலங்கல் போகுது'ன்னு போன்ல சொன்னார். தண்ணி வழியுதுன்னு அர்த்தம். மழையில என் காதுல 'போச்சு'ன்னு விழுந்துடுச்சு. அப்படியே போட்டுட்டேன். இப்ப நேர்ல பாத்துட்டு வரேன். தப்பு என்னுது."

"அத்த போன்லயே சொல்லேன். இன்னாத்துக்கு வூடு வூடா வர?"

"சொல்லிட்டேன் ஐயா. மொதல்ல போட்டதைத்தான் எல்லாரும் அனுப்பிக்கிட்டே இருக்காங்க. திருத்தினதை ஒருத்தரும் அனுப்பலை."

"காட்டு."

போனில் கலங்கல் முழுசாக நின்றது. அதன் மேல் தண்ணீர் வெள்ளை வேட்டி விரித்தது போல வழிந்துகொண்டிருந்தது. லாசரஸ் அதைப் பார்த்தார். அதைவிட அதிக நேரம் அவளைப் பார்த்தார். கட்சிக்காரன் இப்படி வந்ததில்லை, கடைக்காரன் வந்ததில்லை, பாஸ்டர்கூட வந்ததில்லை. சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஒருத்தி மழையில் நடந்து வந்திருக்கிறாள்!

உள்ளே போய், கிருபாவுக்கு அடியில் சுருண்டிருந்த பெட்ஷீட்டை மெல்லத் தளர்த்தினார். "மூச்சு வுடு, கிருபா. எங்கயும் போவல."

வெளியே அடுத்த வாசலில், தலையில் மூட்டையோடு கிளம்பி நின்ற கன்னியம்மா அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். "அப்ப ஒண்ணு சொல்ற, இப்ப ஒண்ணு சொல்ற, எத்தடி நம்புறது?" ஜோசலின் நகரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

லாசரஸ் மழையில் இறங்கினார். "ஏ கன்னியம்மா, மூட்டைய எறக்கு. அந்தப் பொண்ணு சொல்றது நெஜம்தான்."

கன்னியம்மா திட்டுவதையே மறந்துவிட்டாள். "யாரு, நீயா சொல்ற நைனா?"

"நான்தான் சொல்றேன், எறக்கு."