சுவரில் ஊற்றிய தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலையிலும் சுவர் நனைந்திருந்தது.

எசெனாம் குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். முதல் கணு வரை உள்ளே போனது. நேற்று நகம் மட்டும்தான் போயிற்று. மழை பெய்து மூன்று வாரமாகிறது. சுவரின் மற்ற பக்கமெல்லாம் ஓடு மாதிரி காய்ந்து கிடக்க, உப்பங்கழியைப் பார்த்த இந்த நாலடி மட்டும் ஊறிப்போய், வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அதில் மீன் செதில் வேறு ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். சுற்றுச்சுவர் முழுசாக இருந்தால்தான் மழலையர் பள்ளிக்கு அனுமதி. முப்பத்திரண்டு பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த முப்பத்திரண்டு பேரும் இப்போது அம்மாக்களின் மீன் புகைக்கும் அடுப்புகளுக்கு நடுவே, கண் சிவந்து, இருமிக்கொண்டு விளையாடுகிறார்கள். போன வருஷம் ஒரு குழந்தை தணலில் கை வைத்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் எசெனாம்தான். இந்தப் பள்ளியைக் கட்டியே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

வட்டமான களிமண் சுவர் அவளுடைய யோசனை. டெலாகோப்பே ஊருக்கு ஒரு கதை உண்டு. அகோகொலி ராஜாவின் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த முன்னோர்கள், பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தினமும் மதிலில் ஒரே இடத்தில் ஊற்றும்படி பெண்களிடம் சொன்னார்களாம். மதில் இளகியதும் உடைத்துக்கொண்டு வெளியேறி, காலடி உள்ளே போவதுபோலத் தெரிய வேண்டுமென்று பின்பக்கமாகவே நடந்து தப்பினார்களாம். ஹோ நகரத்திலிருந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்த எசெனாமுக்கு அந்தக் கதை மேல் அப்படி ஒரு பிரியம். பள்ளியே கோட்டை, வாசலே உடைத்த வழி, தரையில் பின்னோக்கிய பாதச்சுவடுகள் என்று ராத்திரி பகலாகப் படம் போட்டாள்.

அவள் கணவன் டோட்சே கொத்தனார். "சிமெண்ட் கல்லே போதுமே" என்றான்.

"களிமண்ணுல ஒரு கதை இருக்கு. சிமெண்ட்ல என்ன இருக்கு?"

"சிமெண்ட் இருக்கு."

அவள் கேட்கவில்லை. மணல் ஊருக்கு லாரியில் களிமண் வந்தது.

புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, பிரித்துப் போட்டிருந்த ஊஞ்சல் கம்பிகளுக்குப் பின்னால் எசெனாம் ஒளிந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அலுமினியப் பேசின் ஒன்று சுவரில் உரசும் சத்தம். அப்புறம் சளாரென்று தண்ணீர். வாசலைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பேசினோடு நின்றது அவளுடைய மாமியார் அஜோவா. பின்னால் வரிசையாக இன்னும் ஆறு பெண்கள், ஆளுக்கொரு பேசின்.

"அத்தே! நீங்களா?"

அஜோவா மிச்சத் தண்ணீரையும் ஊற்றி முடித்து, பேசினின் அடியைத் தட்டிவிட்டுத்தான் திரும்பினாள். "நான்தான். ஏன்டி விடியக்காலையில இப்படிப் பாஞ்சு வந்து பயமுறுத்துற?"

"என் சுவத்துல தண்ணி ஊத்துறீங்க!"

"ஆமா. நீதானே ஊத்தச் சொன்ன?"

"நானா?"

"ஊர்க்கூட்டத்துல. யாவா, இவளுக்கு எடுத்துச் சொல்லு."

மீன் புகைக்கும் யாவா சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "சுவர் வந்தா வழி எங்க மேடம்னு நான்தான் கேட்டேன். நீங்க எழுந்து நின்னு, 'நம்ம முன்னோருக்கு யார் வழி குடுத்தா? பொம்பளைங்க தண்ணி ஊத்தி அவங்களே உண்டாக்கிக்கிட்டாங்க'ன்னு அரை மணி நேரம் பேசினீங்க. சரி, அதான் மேடம் சொல்ற பதில் போலிருக்குன்னு வந்துட்டோம்."

"ஐயோ, அது கதை! நான் கதை சொன்னேன்!"

"எங்க கதைய எங்களுக்கே சொன்ன" என்றாள் அஜோவா. "மருமகளாச்சேன்னு மரியாதைக்குக் கேட்டுக்கிட்டோம்."

எசெனாம் வாயைத் திறப்பதற்குள், ஈர மண் வாளியும் கரண்டியுமாக டோட்சே வந்து சேர்ந்தான். மனைவியைப் பார்த்ததும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான்.

"உனக்கும் தெரியுமா?"

"எட்டு நாளா பூசிட்டிருக்கேன்."

"எட்டு நாளா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"எங்கம்மா ஊத்துறாங்கன்னு உன்கிட்ட சொல்லி அடி வாங்கவா? நீ கத்துறன்னு அவங்ககிட்ட சொல்லி அடி வாங்கவா? பூசுறதுதான் சுலபமா இருந்துச்சு."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எசெனாமுக்கு அழுகை வரும்போல இருந்தது. இந்த ஊருக்காகத்தானே இத்தனையும்? இவர்கள் பிள்ளைகளுக்காகத்தானே?

"சிமெண்ட் பூசு. இன்னிக்கே. அப்புறம் கடலையே கொண்டுவந்து ஊத்தட்டும்."

"பூசலாம். அம்மா நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாங்க, பரவாயில்லையா?"

"நானே பூசிக்கிறேன்!"

சொன்னபடியே செய்தாள். எல்லோரும் கலைந்து போனதும் சிமெண்டைத் தப்புத் தப்பாகக் கலந்து, தப்பும் தவறுமாக அப்பினாள். அப்பியது பாதிக்கு மேல் காலில் விழுந்தது. வெயில் ஏறியபோது பக்கத்து வெங்காயப் பாத்தியிலிருந்து கூச்சல் கேட்டது.

"மிதிக்காத! மிதிக்காதன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று பாத்திக்காரர் ஃபோலி கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தலையில் மீன் பேசினோடு யாவா ஒரு சாண் அகல வரப்பில் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்துகொண்டிருந்தாள். ரோட்டில் சந்தை வண்டி ஹாரன் அடித்தது. அவசரத்தில் அவள் கால் வழுக்க, பேசின் சாய்ந்து பத்துப் பதினைந்து மீன்கள் மண்ணில் விழுந்தன. குனிந்து எடுக்க முடியாது. எடுத்தால் மற்றதும் விழும். வண்டி கிளம்பிப் போயிற்று.

"காலை வணக்கம் மேடம்" என்றாள் யாவா, மூச்சு வாங்க. அதில் குத்தல் எதுவும் இல்லை.

எசெனாம் கரண்டியோடு நின்றாள். உப்பங்கழிக்கரை அடுப்புகளிலிருந்து ரோட்டுக்கு நேர் வழி அவள் சுவர் வளைத்த இடத்துக்குள்தான் ஓடியது. ஊர்த்தலைவர் கொடுத்த மனைப்படத்தில் அப்படி ஒரு வழி இல்லை. பெண்களின் காலடிகளை யார் படத்தில் வரைகிறார்கள்? சுவர் வந்தால் வழி எங்கே என்று யாவா கேட்டது நிஜமான கேள்வி. பேசினைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கமாகப் போவது என்று கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் இவள் வரலாற்றுப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

தன் மேல் வந்த எரிச்சலில் கரண்டியை வாளிக்குள் விட்டெறிந்தாள்.

"எவ்வளவு அகலம் வேணும்?" என்று கத்தினாள்.

"என்ன மேடம்?"

"வழி! எவ்வளவு அகலம் வேணும்?"

அதற்குப் பதில் கிடைக்க மத்தியானம் வரை ஆனது. எதிரும் புதிருமாக ரெண்டு பேர் பேசினோடு இடிக்காமல் போக வேண்டும் என்றாள் யாவா. கைக்குழந்தைக்காரிக்கு இன்னும் ஓரடி என்றாள் இன்னொருத்தி. கடைசியில் நாலு தப்படி உள்ளே தள்ளிக் கயிறு கட்டினார்கள். வட்டத்தின் அந்தப் பக்கத்தை இடித்துவிட்டு, டோட்சே நேர்கோடாகச் சிமெண்ட் கல் வைத்தான். களிமண் காய நேரமில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது, செக்கச்சிவந்த வட்டத்தில் சாம்பல் நிற ஒட்டு ஒன்று பல்லை இளித்தது.

"நல்லா இருக்கு" என்றான் டோட்சே.

"பேசாத."

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி நல்ல மனுஷி. வாசலில் இருந்த பாதச்சுவடுகளின் மேல் பின்பக்கமாக நடந்துகூடப் பார்த்தார். ஆனால் டேப் வைத்து முற்றத்தை அளந்ததும் உதட்டைப் பிதுக்கினார். "சுவர் உள்ள வந்துடுச்சு இல்லையா? இந்த இடத்துக்கு இருபத்தாறு பேர்தான் அனுமதிக்க முடியும்."

அவர் போனபின் எசெனாம் பெயர்ப் பட்டியலோடு மாமியாரின் அடுப்புக் கொட்டகைக்குப் போனாள்.

"ஆறு பேரை எடுக்கணும் அத்தே. யாரைன்னு நீங்களே சொல்லுங்க. உங்க வழிதானே."

அஜோவா புகையில் கண்ணைச் சுருக்கிப் பட்டியலைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அடுப்போரம் யாவாவின் மகள் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கொட்டகை, வழி இல்லாத பக்கமா, உன் சுவத்த ஒட்டித்தானே இருக்கு?" என்றாள் கடைசியில்.

"அதுக்கென்ன?"

"மூணு அடுப்பையும் கரைப்பக்கமா தள்ளிட்டா, இந்த இடம் உனக்கு. ஆறு புள்ளைங்களுக்குக் காணும்ல?"

எசெனாம் கொட்டகையைக் கண்ணால் அளந்தாள். அதற்குள் அஜோவா விரலை நீட்டினாள். "சும்மா இல்ல. புது அடுப்புக்குக் களிமண்ணு வேணும். நீ இடிச்சு வெச்சிருக்கியே, அது எனக்கு."

"அத்தே, அதுல பிள்ளைங்களுக்குப் பெஞ்சு கட்டப் போறேன்! வளைவா, படம்கூடப் போட்டு..."

"பெஞ்சு பெருசா, புள்ளைங்க பெருசா?"

எசெனாம் பல்லைக் கடித்தாள். "எடுத்துக்குங்க. ஆனா அந்த அதிகாரியம்மா மறுபடி அளக்க வரணும். அடுப்பு காய எப்படியும் ஒரு மாசமாகும். முதல்ல நிழல்ல வெச்சு, வைக்கோல் கலந்து..."

"அடுப்பு மண்ணைப் பத்தி எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?" என்றாள் அஜோவா. "பத்து நாள்ல வரச்சொல்லு. போய் போன் பண்ணு."